ஜும்பாவா, ஸ்பின்னிங்கா, பிலாட்டீஸா? ஜிம் வகுப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு, பல வருட சஃபர் முடித்து ஊர் திரும்பிய பிறகு, அல்லது சுகர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்று, நம்மில் பலருக்கும் உடற்பயிற்சி ஞாபகம் வருகிறது. கவலைப்படக் காரணமும் இருக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம் உடல்வாகுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஜிம் என்றால் இளைஞர்கள் இரும்பு தூக்கும் இடம் என்றிருந்தது. இப்போது நடுத்தர ஊர்களில்கூட குழு வகுப்புகள் வந்துவிட்டன. பலருக்கு ஒரு மாதம் போய்விட்டு நின்றுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. சோம்பலை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. தங்கள் உடலுக்குப் பொருந்தாத வகுப்பில் முதல் நாளே சேர்ந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம் என்பது எங்கள் கருத்து. அதனால், சேரும் முன் இரண்டு மூன்று வகுப்புகளை முயன்று பார்ப்பது நல்லது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. மிதமானது எது என்று அறிய கருவி தேவையில்லை. பயிற்சியின்போது பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது மிதம். இரண்டு மூன்று வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் அது கடினம்.

ஜும்பா கொலம்பியாவின் காலி நகரில் 1990-களில் ஆல்பெர்ட்டோ பெரெஸ் என்ற பயிற்சியாளர் தொடங்கியது. ஏரோபிக்ஸ் இசைநாடாவை மறந்து வந்த ஒருநாள், தன்னிடமிருந்த சல்சா இசையைப் போட்டு வகுப்பு நடத்தினார் என்பது அவரே சொல்லும் கதை. இதில் நேரம் போவதே தெரியாது. ஒரு மணி நேரத்தில் பலருக்கு 300 முதல் 500 கலோரி வரை செலவாகும். ஆனால் குதிப்பதும் திடீரெனத் திரும்புவதும் இதில் அதிகம் என்பதால், மூட்டுவலி உள்ளவர்கள் குதிக்காமல் அடியெடுத்து வைக்கும் எளிய முறையைக் கேட்டுச் செய்ய வேண்டும். இசை இல்லாமல் இந்த வகுப்பு இல்லை. அதை விரும்பாத குடும்பங்கள் நடை, சைக்கிள், எடைப் பயிற்சி பக்கம் போகலாம். பலனில் குறைவிருக்காது.

ஸ்பின்னிங் என்பது நகராத சைக்கிளில் குழுவாக மிதிப்பது. உடல் எடையை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. எடை கூடியவர்களுக்கு இது உகந்தது. இருக்கையின் உயரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

இந்த வகுப்பில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீண்ட காலம் பயிற்சி இல்லாதவர் முதல் நாளே மற்றவர்களுக்கு ஈடுகொடுத்து மிதித்தால், தொடைத் தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்று இதற்குப் பெயர். முதல் ஸ்பின்னிங் வகுப்புக்குப் பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உள்ளன. புதிதாகப் பயிற்சி செய்தால் ஓரிரு நாள் தசை வலிப்பது இயல்பு. வலி தாங்க முடியாமல் போனாலோ, தொடை வீங்கினாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் வகுப்பில் 20 நிமிடத்தில் இறங்கிவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதே எச்சரிக்கை ஹெச்.ஐ.ஐ.டி. எனப்படும் தீவிர இடைவெளிப் பயிற்சிக்கும் பொருந்தும். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் பெயரில் 20 விநாடி உச்ச உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று 4 நிமிடம் நடத்துவார்கள். அவர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, உடல் தகுதி மிக்க இளைஞர்களை வைத்துச் செய்யப்பட்டது. ஐம்பது வயதில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அதை அப்படியே கொடுப்பது சரியல்ல.

பிலாட்டீஸ் ஆரவாரம் இல்லாதது. ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் இதை வளர்த்தெடுத்தார். பாயில் படுத்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை மெல்ல வலுவாக்குவது. பிரசவத்துக்குப் பிறகு வயிறு தளர்ந்திருக்கும் சகோதரிகள் இதிலிருந்து தொடங்கலாம் என்போம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். எந்தப் பிரசவமானாலும் முதல் மூன்று மாதம் குதிப்பதையும் ஓடுவதையும் தவிருங்கள். தும்மும்போது சிறுநீர் கசிந்தால், சொல்லக் கூச்சப்பட்டு மறைக்காமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். குணமாகக்கூடிய பிரச்சினைதான் அது.

எடைப் பயிற்சி வகுப்பைப் பெண்கள் ஒதுக்குவது வருத்தமானது. ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற பயம் தேவையற்றது, அதற்கான ஹார்மோன் அளவு பெண்களிடம் இல்லை. முப்பது வயதுக்கு மேல் தசை மெல்லக் குறைகிறது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. இரண்டையும் தடுக்க எடை தூக்குவதைப் போல வேறொன்றில்லை. இரத்தச் சர்க்கரையை உள்வாங்கிச் செலவிடும் பெரிய இடம் தசைதான் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது அவசியம். உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், ஒரு கிலோ டம்பெல்லில் தொடங்கினால் போதும்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டெனக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வகுப்புக்கு முன் அளவைப் பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே தொடங்குங்கள். பையில் குளுக்கோஸோ சில பேரீச்சம்பழமோ இருக்கட்டும். நெஞ்சு அழுத்தம், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நோன்பு மாதத்தில் கடினமான வகுப்புகளை விட்டுவிட்டு, இஃப்தாருக்குப் பிறகு லேசான எடைப் பயிற்சியோ நடையோ வைத்துக்கொள்ளலாம். பகலில் தண்ணீர் குடிக்காமல் ஸ்பின்னிங் செய்வது மேலே சொன்ன சிறுநீரக ஆபத்தைக் கூட்டும்.

சகோதரிகள் சேரும்போது லேடீஸ் டைமிங்கில் பயிற்சி தருபவரும் பெண்தானா, அந்த நேரத்தில் ஆண் ஊழியர்கள் உள்ளே வருவார்களா, கேமரா எங்கே இருக்கிறது, வகுப்பை வீடியோ எடுத்து விளம்பரத்துக்குப் போடுவார்களா என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முழுக்கை, தளர்வான பேன்ட், பின் குத்தாத ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் போதுமானது. ஸ்பின்னிங்கில் மட்டும் நீண்ட உடை சக்கரத்தில் சிக்காமல் பார்க்க வேண்டும். மஃரிப் நேரத்தில் வகுப்பு இருந்தால் தொழுகைக்கு இடம் உண்டா என்றும் கேட்கலாம், பல இடங்களில் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறார்கள்.

கட்டண விஷயத்தில், வருடச் சந்தா மலிவு என்று முதல் நாளே கட்டிவிடாதீர்கள். இலவச டிரையல் வகுப்பு கேளுங்கள். பிறகு ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். அந்த மாதத்தில் பன்னிரண்டு நாளாவது போயிருந்தால் மூன்று மாதத்துக்கு நீட்டிக்கலாம். பிரசவமோ பயணமோ வந்தால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.