தம்பிரான் வணக்கமும் யூத ரத்தமும்

தமிழில் அச்சான முதல் புத்தகம் எதுன்னு கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க தூக்கத்துலகூட 'தம்பிரான் வணக்கம்' என்று சொல்லிடுவாங்க. அதற்கு முன்னாடி 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஞானோபதேசப் புத்தகம் வந்திருக்கு. ஆனால் அது ரோமன் எழுத்தில் அச்சடித்த தமிழ். தமிழ் எழுத்தையே அச்சாக வார்த்து, இந்திய மண்ணில் அடித்து, இன்றுவரை பிரதி கிடைக்கிற முதல் புத்தகம் 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் வெளியான அந்த 16 பக்கச் சிறு நூல்தான். அதைத் தமிழில் ஆக்கியவர் அன்றிக் அடிகளார். போர்த்துக்கீசியத்தில் என்ரிக்கே என்ரிக்கஸ்.

இவர் யூத வம்சத்தில் வந்தவர் என்பது அந்த அளவுக்குப் பரவலாகத் தெரியாத செய்தி. அந்தப் பிறப்பின் காரணமாகவே ஒரு துறவற சபை இவரை வெளியே அனுப்பியது என்பது இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும். யூதர்களுக்கு ரட்சிப்பில் என்ன இடம் என்று கிறிஸ்தவர்கள் 2,000 வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை, நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரை வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இதை எழுதத் தோன்றியதற்கு நான் இருக்கிற ஊரும் ஒரு காரணம். ஜூஜுவாடி, ஓசூர் தாண்டி கர்நாடகம் ஆரம்பிக்கிற எல்லை. செக்போஸ்ட்டைக் கடந்தால் அத்திபள்ளி. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தென்மாவட்டத்துக்காரங்க இங்கே நிறைய. தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர், திருநெல்வேலி சி.எஸ்.ஐ.காரர், பெந்தெகொஸ்தேகாரர் என்று எல்லாரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. டீக்கடை டிவியில் இஸ்ரேல் செய்தி ஓடினால் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும். "அவங்க மேசியாவைத் தள்ளிட்டாங்க, அந்த இடம் இப்போ சபைக்கு" என்பார் ஒருத்தர். "தேவன் கொடுத்த வாக்கு மாறுமா? அவங்களுக்குத் தனித் திட்டம் இருக்கு" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேருமே ஒரு யூதரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ரெண்டு பேரும் பேசுவது சொந்தச் சரக்கு கிடையாது. ரெண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

முதலில் பவுலிடம் போகணும். அவர் ரோமர்களுக்கு எழுதிய கடிதம் ஏறத்தாழ கி.பி. 57-ஐச் சேர்ந்தது. அதில் 9 முதல் 11 வரை மூன்று அதிகாரம் இந்த ஒரே கேள்விக்குத்தான். பவுலும் யூதர். தன் சனம் இயேசுவை ஏற்கவில்லையே, அப்படியானால் கடவுள் கொடுத்த வாக்கு பொய்த்துப் போச்சா என்பது அவருடைய தவிப்பு. பதிலாக ஒரு ஒலிவமரத்தைச் சொல்கிறார். சில கிளைகள் முறிந்தன; அந்த இடத்தில் காட்டு ஒலிவக் கிளை ஒட்டப்பட்டது. காட்டுக் கிளை என்பது யூதரல்லாத கிறிஸ்தவர்கள்.

மாங்கன்று ஒட்டுக் கட்டுகிற கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு இது உடனே இடிக்கும். நாம் செய்வது தலைகீழ். நாட்டுச் செடியில் நல்ல ரகத்தை ஒட்டுவோம். நல்ல மரத்தில் போய் யாராவது காட்டுக் கிளையை ஒட்டுவாங்களா? பவுலுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. இயற்கைக்கு மாறான வேலை என்று அவரே சொல்லிவிடுகிறார். அவர் சொல்ல வந்தது, ஒட்டுக்கிளை பெருமை பேச வேண்டாம், வேர்தான் அதைத் தாங்குகிறது என்பதுதான். முறிந்த கிளையைத் திரும்ப ஒட்டுவது கடவுளுக்குப் பெரிய காரியமும் இல்லை என்கிறார்.

அடுத்த நூற்றாண்டிலேயே சபை பெரும்பாலும் யூதரல்லாதவர்களுடையதாக ஆகிவிட்டது. எச்சரிக்கை மறந்துபோச்சு. கி.பி. 160 வாக்கில் எழுதிய ஜஸ்டின், இனி உண்மையான இஸ்ரவேல் கிறிஸ்தவர்களே என்று வாதிட்டார். 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் வேறொரு வழி சொன்னார். யூதர்களைக் கொல்லக் கூடாது. அவர்கள் நம் வேதத்துக்குச் சாட்சியாகச் சிதறிக் கிடக்கட்டும் என்றார். உயிருக்குப் பாதுகாப்பு கொடுத்த வாதம் அது, மரியாதையைக் கொடுக்கவில்லை.

இதுவரை சண்டை நம்பிக்கையைப் பற்றியது. யூதர் ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் அவர் கிறிஸ்தவர், கணக்கு முடிந்தது. 15-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில்தான் கணக்கு முடியவில்லை என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். 1449-இல் டொலேடோ நகரத்தில் கலகம் செய்தவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்கள் நகரத்தில் பதவி வகிக்கக் கூடாது. காரணம் அவர்களுடைய ரத்தம். தண்ணீர் ஊற்றினாலும் போகாத குற்றம் ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது என்பதே இதன் உள்பொருள்.

இதை எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்களே. அதே ஆண்டில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்தார். புர்கோஸ் ஆயர் அலோன்சோ த கார்த்தகேனா ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இவருடைய அப்பா முன்பு ரபி. மதம் மாறி அதே புர்கோஸுக்கு ஆயராக இருந்தவர். சபைக்குள் வருகிற யூதர் அந்நிய வீட்டுக்கு வரவில்லை, தன் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்பது மகனுடைய வாதத்தின் சாரம். பவுலின் ஒலிவமரம்தான் மறுபடியும். ஆனால் வென்றது டொலேடோவின் பக்கம். 'தூய ரத்தம்' கேட்கும் விதிகள் ஒவ்வொரு பேராலயமாக, ஒவ்வொரு சபையாகப் பரவின.

1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. ஏராளமானோர் போர்த்துக்கலுக்கு ஓடினார்கள். 1497-இல் போர்த்துக்கல் அவர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்தது. அப்படி மாறியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வைத்த பெயர் 'புதுக் கிறிஸ்தவர்'. தலைமுறைகள் போனாலும் அந்தப் 'புது' மட்டும் பழசாகவே இல்லை.

அந்தப் புதுக் கிறிஸ்தவர்களில் ஒருத்தராகத்தான் அன்றிக் அடிகளார் 1520-இல் வில்லா விசோசாவில் பிறந்தார். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வம்சம் என்று தெரிந்ததும் அங்கே இருக்க முடியவில்லை. 1545-இல் கொயிம்ப்ராவில் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அது தொடங்கிச் சில வருஷங்களே ஆன சபை. அதை நிறுவிய இஞ்ஞாசியாருக்கு இந்த ரத்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் ரத்த உறவாகப் பிறப்பது பெரிய பாக்கியம் என்று அவர் சொன்னதாக, கூடவே இருந்த ரிபதெனெய்ரா எழுதி வைத்திருக்கிறார். இஞ்ஞாசியாருக்குப் பின் தலைவரான லைனஸும் யூத வம்சத்தவரே.

இப்போது 1546-ஐப் பாருங்க. அந்த வருஷம் அன்றிக் அடிகளார் இந்தியாவுக்கு வந்தார். அதே வருஷம் மே மாதம் சவேரியார் அம்போன் தீவிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் மோசேயின் சட்டப்படியும் முஸ்லிம்கள் முறைப்படியும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இன்குவிசிஷன் என்கிற விசாரணை மன்றத்தை இங்கே அனுப்ப வேண்டும் என்பது அவர் கேட்ட உதவிகளில் ஒன்று. மூணு வருஷம் போகவில்லை. முத்துக்குளித்துறையில் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்து, சனங்களின் அன்பையும் பெற்று உழைக்கிறவர் என்று இதே சவேரியார் அன்றிக் அடிகளாரைப் புகழ்ந்து ரோமாபுரிக்கு எழுதுகிறார். ஒரே மனிதருக்குள் ரெண்டு பார்வையும் குடியிருந்திருக்கிறது.

1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்ட பிறகு, கடற்கரை மிஷனுக்கு அன்றிக் அடிகளார்தான் பொறுப்பு. தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578-இல் தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம், 1586-இல் அடியார் வரலாறு. இந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த கடற்கரைச் சனம், அவர் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடிதான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தது. அவங்களும் ஒரு வகையில் புதுக் கிறிஸ்தவர்களே.

அதே காலத்தில் கோவாவில் என்ன நடந்தது? சவேரியார் கேட்ட மன்றம் அவர் இறந்த பிறகு 1560-இல் வந்தது. மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் புதுக் கிறிஸ்தவரே. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் கோவாவில் புத்தகம் அச்சிட்டவர், 1568-இல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய தங்கை கத்தரீனாவை, ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினாள் என்று சொல்லி உயிரோடு எரித்தார்கள். 1580-இல் ஓர்த்தாவின் எலும்பையே தோண்டி எடுத்து எரித்தார்கள். தம்பிரான் வணக்கம் வந்து ரெண்டே வருஷம். ஒரே வம்சம், ஒரே கடற்கரை, ஒரே திருச்சபை. ஒருத்தர் அச்சு எழுத்துக்கு மை தடவுகிறார். இன்னொருத்தரின் எலும்பு சாம்பலாகிறது.

இயேசு சபையும் கடைசியில் டொலேடோவின் வழிக்கே வந்தது. 1573-இல் தலைவர் தேர்தலில் போலங்கோ வரக்கூடும் என்றிருந்தபோது, யூத வம்சம் என்ற பேச்சே அவரைத் தடுத்தது. 1593-இல் யூத, முஸ்லிம் வம்சத்தவரை இனிச் சேர்ப்பதில்லை என்று ஆணையே போட்டார்கள். ரிபதெனெய்ரா எதிர்த்து எழுதினார், பலிக்கவில்லை. 1608-இல் ஐந்து தலைமுறை வரை பார்த்தால் போதும் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுசாக நீக்கியது 1946-இல். அதற்கு முந்தின வருஷம்தான் ஹிட்லரின் முகாம்களை உலகம் திறந்து பார்த்திருந்தது.

இறையியலாக நேர்மையான பதில் வந்தது அதற்கும் பின்னால். 1965 அக்டோபர் 28-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத இனத்தின் மேல் பழி போட முடியாது, அவர்களைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று அறிவித்தது. ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. ஆதாரமாக எடுத்தது பவுலின் அந்த அதிகாரங்களைத்தான். அப்போதும் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டுகள் 1996-இல் யூதர்களுக்குச் சுவிசேஷம் சொல்லியே ஆகணும் என்று தீர்மானம் போட்டார்கள். 2015-இல் வத்திக்கான் ஆவணம், யூதர்களைக் குறிவைத்து நிறுவனரீதியாக மிஷன் நடத்துவதில்லை என்றது. கிறிஸ்து இல்லாமல் ரட்சிப்பு இல்லை, யூதர்கள் விலக்கப்பட்டவர்களும் இல்லை; ரெண்டும் எப்படிப் பொருந்தும் என்பதைக் கடவுளின் ரகசியத்துக்கே விட்டுவிட்டது.

டீக்கடையின் ரெண்டாவது குரல் வந்த வழி வேறு. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி, சபைக்கு ஒரு திட்டம், இஸ்ரவேலுக்கு வேறு திட்டம் என்று பிரித்தார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. நம்ம ஊரில் இது சுலபமாக ஒட்டிக்கொண்டதற்குத் தமிழ் எழுத்தும் கொஞ்சம் உதவியிருக்குன்னு நினைக்கிறேன். பழைய வேதாகமத்தில் 'இஸ்ரவேல்', 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் 'இஸ்ரயேல்', தினசரியில் 'இஸ்ரேல்'. பழங்கால சனம் ஒன்று, 1948-இல் உருவான அரசு இன்னொன்று, இன்று வாழும் யூதர்கள் மற்றொன்று. வாசிக்கிறவருக்கு மூன்றும் ஒன்றாகவே காதில் விழுகிறது. முதல் குரலுக்கு யூதர் தோற்றுப்போனவர். ரெண்டாவது குரலுக்குக் கடைசிக் காலத்தைக் காட்டுகிற கடிகாரம். மனுஷராக ரெண்டிலும் அவருக்கு இடம் இல்லை.

இதெல்லாம் நமக்கெதுக்கு என்று கேட்கலாம். ஞானஸ்நானம் பிறப்பைக் கழுவுமா, கழுவாதா? டொலேடோ கேட்ட இந்தக் கேள்வியைத் தமிழ்ச் சபைகள் வேறு பெயரில் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் இடிந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. ஜூஜுவாடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கிறவங்க, கல்யாணப் பேச்சு வந்ததும் சொந்த ஊருக்குப் போன் போட்டு விசாரிக்கிறது எதை? யூதரை வெறுத்ததும் சாதி பார்ப்பதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தில் ஏதோ ஓடுகிறது, தண்ணீரால் அது போகாது என்ற அந்த நினைப்பு மட்டும் ஒன்றேதான்.

அன்றிக் அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கடற்கரையிலேயே இருந்தார். 1593-க்கு அப்புறம் ஒரு இளைஞராக இயேசு சபைக் கதவைத் தட்டியிருந்தால், அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.