பூபெல் துரையின் மூன்று பெட்டிகள்

எனக்குப் பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில்தான். வகுப்பில் யாராவது காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டால் ஆசிரியர் மூலையில் இருக்கும் கூடையைக் காட்டி "பூபெல்!" என்று அதட்டுவார். குப்பைத்தொட்டிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். மேசை, நாற்காலி போல அதுவும் ஒரு சொல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதருடைய பெயர் என்பது உத்தியோகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எழேன் பூபெல் 1831-இல் பிறந்தவர். 1883-இல் பாரீஸ் நகரம் அடங்கிய சேன் மாவட்டத்துக்கு 'பிரெஃபே' ஆனார். நம்மூர்க் கணக்கில் கலெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பாரீஸ்வாசிகள் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டினார்கள். விடியுமுன் குப்பை பொறுக்குவோர் வந்து கந்தல், எலும்பு, காகிதம் எல்லாவற்றையும் கிளறி எடுத்துப் போவார்கள். மிச்சத்தை வண்டி அள்ளிப் போகும்.

பதவிக்கு வந்த அதே வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி பூபெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு கட்டடத்துச் சொந்தக்காரரும் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட பெட்டி வாங்கி வைக்க வேண்டும். அதுவும் ஒன்றல்ல, மூன்று. அழுகுகிற பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, உடைந்த பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. வீட்டுக்காரர்கள் செலவை நினைத்து முணுமுணுத்தார்கள். குப்பை பொறுக்குவோர் பிழைப்புப் போயிற்றே என்று எதிர்த்தார்கள். பத்திரிகைகள் கேலியாகப் பெட்டிக்கு அவர் பெயரையே சூட்டின. கேலி மறைந்தது, பெயர் நின்றுவிட்டது.

ஆனால் மூன்று பெட்டி நிற்கவில்லை. கடைசியில் ஒரே பெட்டிதான் மிஞ்சியது. அந்தக் காலத்தில் பாரீஸைச் சுற்றியிருந்த விவசாயிகள் நகரத்துக் குப்பையை எருவாக நிலத்தில் போட்டார்கள். பிறகு ரசாயன உரம் வந்தது. குப்பையிலும் மக்காத சாமான்கள் பெருகின. நிலத்துக்குப் போன குப்பை எரிக்கவும் புதைக்கவும் போயிற்று.

நம் பக்கத்துக் கதையும் இதேதான். நான் சிறுவனாக இருந்தபோது முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து வீணாகப் போனது ஏதுமில்லை. அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும். மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். இலை, சாம்பல், சருகு எல்லாம் கொல்லையில் எருக்குழிக்கு. யாரும் உத்தரவு போடவில்லை.

இந்த வழக்கத்தை விஞ்ஞானமாக எழுதி வைத்தவர்களும் இந்த நாட்டில் வேலை பார்த்தவர்கள்தான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து இந்தூரில் செய்து பார்த்ததை 1931-இல் புத்தகமாக வெளியிட்டார். இலைதழை, சாணம், மண், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு. இதற்கு இந்தூர் முறை என்றே பெயர். பின்னர் ஆச்சார்யா என்பவர் நகரத்துக் குப்பைக்கென்று பெங்களூரு முறையை வகுத்தார். அதில் கிளறும் வேலை இல்லை. குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுவது.

இத்தனையும் தெரிந்த ஊரில்தான் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருமுனையில் வீசினோம். நானும்தான். கடைசியில் 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று. மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயகரமானது. படித்தபோது சிரிப்பு வந்தது. பூபெல் துரை போன வழிக்கு 130 வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறோம். அவருடைய நாட்டிலேயே 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் வீட்டு உணவுக் கழிவைத் தனியாகச் சேர்க்க உள்ளாட்சிகள் வழி செய்ய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் தெருவிலும் சில வருஷங்களுக்கு முன் பொதுவாக உரத்தொட்டி கட்டினார்கள். காற்றுப் போக இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய மூன்று தொட்டிகள். நாற்றம் அடிக்கும் என்று ஆட்சேபித்து மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். முப்பது வருஷம் கோப்பு எழுதிய கை அல்லவா! மனு எடுபடவில்லை. நாற்றமும் அடிக்கவில்லை. ஒவ்வொரு கூடை சமையல் கழிவுக்கும் மேல் காய்ந்த சருகு போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்தால் போதும். குவியல் உள்ளே சூடேறும். கை வைத்தால் சுடும். அப்படிச் சுட்டால் சரியாக மக்குகிறது என்று அர்த்தம்.

அதைக் கவனித்துக்கொள்ளும் அம்மா ஒருநாள் கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"கண்ணாடி குத்திடுச்சு ஐயா. சோத்துக்குள்ள இருந்திச்சு."

பக்கத்தில் ஓரமாக எடுத்து வைத்திருந்த சில்லைப் பார்த்தேன். பழுப்பு நிறம். முதல்நாள் ராத்திரி என் கை தவறி உடைந்த இருமல் மருந்துப் புட்டி. பெருக்கி அள்ளி, மிஞ்சிய சோற்றோடு சேர்த்துப் போட்டவன் நான்.

"என் வீட்டுதும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருந்துக்கடைக்குப் போய்க் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கி வந்து கொடுத்தேன். அவர் என்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது பெட்டி எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. நாம் பிரிக்காமல் விட்டதை இன்னொருவர் கையால் பிரிக்கிறார். இப்போது உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதித் தனியாக வைக்கிறேன்.

அந்த அம்மா இதைப் படிக்கப் போவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது நேரிலேயே சொல்லிவிட வேண்டும்.