கொம்பனித்தெருவின் குளிர்

சென்ற ஒக்டோபர் 31ஆம் திகதி மாலையில், வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடி வீடொன்றிலே என் பேத்தியும் அவளுடைய பள்ளித் தோழியரும் கூடிப் பேய் விருந்தொன்று நடத்தியபோது, நடு மேசையில் கொணர்ந்து வைக்கப்பெற்ற பதார்த்தம் ஓர் ஐஸ்கிறீம் கேக்கு. அடியிலே பொடித்த பிஸ்கட்டு கரிசல் மண்ணாகப் பரந்திருந்தது. அதன்மேல் சொக்லட்டு ஒரு படை, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு படை, வனிலா வெண்மையாய் ஒரு படை. உச்சியில் நீண்ட பிஸ்கட்டுகள் சமாதிக் கற்களாக நின்றன. "அப்பப்பா, கல்லறையிலை ஒரு துண்டு சாப்பிடுங்கோ" என்று குழந்தை நீட்டியதை, நீரிழிவின் காரணமாக வைத்தியர் விதித்த தடையை ஒரு கணம் மறந்து வாயிலிட்ட யான், உஷ்ண பூமியாகிய இக் கொழும்பு நகருக்கு இந்தக் குளிர் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்ற யோசனையிலே ஆழ்ந்துவிட்டேன்.

நம் முன்னோர் குளிர்ச்சியை அறியாதவரல்லர். மண்பானை நீரும், வெட்டிவேரும், வெடியுப்பைக் கரைத்த நீரிலே பாத்திரத்தை அமிழ்த்திக் குளிர்விக்கும் மொகலாய அரண்மனை உபாயமும் இத் தேசங்களில் நெடுங்காலமாக வழங்கி வந்தவையே. ஆயினும் கையால் தொட்டெடுக்கத்தக்க பனிக்கட்டியானது, கடல் கடந்து வந்த வியாபாரச் சரக்காகவே தென்னாட்டினரின் கண்ணுக்குத் தோன்றியது. அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து 1833 மே மாதத்தில் புறப்பட்ட ஒரு கப்பல், குளத்து நீர் உறைந்த கட்டிகளில் ஏறக்குறைய 180 தொன் ஏற்றிக்கொண்டு, நான்கு மாதம் அலைகடலில் உருகியும் கசிந்தும், நூறு தொன்னளவை மிச்சமாகக் கல்கத்தாவில் இறக்கிற்று என்பது சரித்திரம். அவ் வியாபாரத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் என்னும் வட்டக் கட்டடமே, 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய புண்ணியத்தினால் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. பனிக்கட்டி உருகிப்போன கட்டடத்திலே ஞானி வந்து தங்கினார். கட்டடங்களுக்கும் ஊழ்வினை உண்டு போலும்.

கொழும்பு பெற்ற பாக்கியம் வேறு. இங்கே குளிரை யந்திரமே உற்பத்தி செய்தது. ஃபொன் பொஸ்னர் என்பார் கொணர்ந்த யந்திரத்தைக் கொண்டு, 1866இல் கொழும்பு ஐஸ் கொம்பனி என்னும் ஸ்தாபனம் பிறந்து, பேர வாவியின் அருகே, கொம்பனித்தெருவின் கிளெனி வீதியிலே நிலைபெற்றது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை வைத்திருந்த இடமாதலால் ஆங்கிலேயர் அடிமைத்தீவு என்றழைத்த அதே பகுதிதான். மலாய்ப் படைவீரர் குடியிருப்பும், முஸ்லிம்களின் பள்ளிவாசலும், தமிழரின் முருகன் கோவிலும் சில நூறு அடி தூரத்துள் நெருங்கி நிற்பது. ஜனங்கள் அத் தொழிற்சாலையை "ஐஸ் கொம்பனி" என்று சொல்லி வந்தனர் என்றும், அதனாலேயே தெருவுக்குக் கொம்பனித்தெரு என்னும் நாமம் ஏற்பட்டது என்றும் ஒரு சாரார் உறுதியாகக் கூறுவர். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆயினும் என் அபிப்பிராயம் அதனோடு ஒத்துப்போகவில்லை. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியும், ஆங்கிலேயர் படையின் கொம்பனிகளும் நடமாடிய நிலத்திலே அச் சொல் வழங்குவதற்குப் பனிக்கட்டிதான் வரவேண்டும் என்னும் அவசியம் என்ன? பிற்காலத்து ஐஸ் கொம்பனி, முன்னரே இருந்த பெயருக்கு ஒரு புதிய நியாயத்தைக் கற்பித்துக் கொடுத்தது என்று கொள்வதே பொருத்தம்.

1894இல் அது புதிய கொழும்பு ஐஸ் கொம்பனியாக மாறி, 1941இல் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என்னும் பெயரைப் பூண்டது. யானை முத்திரையிட்ட அதன் இஞ்சிச் சோடாவையும் நெக்டோவையும் அறியாத கொழும்புத் தமிழர் எவருமிலர்; அவற்றைப் பற்றி விஸ்தரிப்பது வீண்.

ஐஸ்கிறீமைப் படைபடையாக அடுக்குவது எத்துணை நுட்பமான காரியம் என்பதை மட்டும் சற்றே சொல்ல வேண்டும். வெறும் பனிக்கட்டி பூச்சியப் பாகையிலேயே உருகுவதாதலால், இனிப்பும் கொழுப்பும் கலந்த பாலை உறையச் செய்ய அது போதாது. அதனோடு உப்பைக் கலந்தால் அக் கலவை −21 பாகை வரைக்கும் இறங்க வல்லது. மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்பது பழைய கைக்கணக்கு. 1843இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் என்னும் அம்மையார் உரிமம் பெற்ற கைச்சுழற்சி யந்திரம் இந்தத் தத்துவத்தைக் கொண்டு இயங்கியதே. மூவர்ணப் படைகளுக்கு நேப்பிள்ஸ் நகரத்தின் பெயர் வழங்குகின்றது. 1885இல் நூலெழுதிய லண்டன் ஆக்னஸ் மார்ஷல் அம்மையார், அச்சுகளிலே உறையவைத்து அலங்காரமாகக் கவிழ்க்கும் வித்தையை நடுத்தர வீடுகளுக்கும் பரப்பினார். முதற்படை கல்லாக இறுகுமுன் அடுத்ததை ஊற்றுபவனுக்குப் படைகள் கிட்டா, குழம்பே கிட்டும். அச்சைச் சுடுநீரில் ஒரு நொடிக்குமேல் அமிழ்த்தினாலும் அதே கதிதான். என் பேத்தி ஒவ்வொரு படைக்கும் ஓரிரவு காத்திருந்தாளாம். கணக்குப் பாடத்தில் அப் பொறுமையை யான் கண்டதில்லை.

இனி அந்த விருந்தின் பேய்களைக் கவனிப்போம். அயர்லாந்து தேசத்துக் கெல்த்தியர், அறுவடை முடிந்து இருட்காலம் புகுகின்ற சந்தியிலே பிரேதங்கள் வீடு திரும்பும் என நம்பினர். நவம்பர் 1ஐச் சகல புனிதர்களின் நாளாகத் திருச்சபை விதித்தபின் அதற்கு முந்திய இரவே ஹலோவீனாயிற்று. அங்கே முகம் செதுக்கி விளக்கேற்றப்பட்டது முதலில் கிழங்கிலேதான். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின் பூசணிக்காய் வந்து அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இதனை மேனாட்டு மோகமென்று இகழ்வாரைக் கண்டிருக்கின்றேன். கண்ணூறு கழிக்க நீற்றுப்பூசணியை உடைப்பவரும், புதுவீட்டின் முகப்பிலே கோரமுகம் தீட்டிய பூசணியைத் தொங்கவிடுபவரும் நாமல்லவா? மரித்தோரை மறவாத மகாளய தர்ப்பணமும், நவம்பர் 2ஆம் திகதி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர் கல்லறைகளில் ஏற்றும் மெழுகுதிரிகளும் வேறெதற்காக? பேய்க்குப் படையலிடுவது நமக்குப் புதிதன்று; அப் படையலைக் குளிர வைப்பதே புதிது.

கிளெனி வீதித் தொழிற்சாலையோ இன்றில்லை. அது நகரைவிட்டு ரணாலைக்குப் பெயர்ந்தது. பழைய வளவிலே எழுந்த மாபெரும் மாளிகைத் தொகுதியின் ஹோட்டல் 2024இல் கதவு திறந்தது. ஆனால் மறைந்த பெயரொன்று மீண்டும் எழுந்து உலாவுவதை விருந்துக்கு மறுநாள்தான் அறிந்தேன். அவிசாவளைக்கு அருகே, சீதாவாக்கை கைத்தொழிற் பேட்டையில், அதே ஸ்தாபனத்தார் 2018இல் தொடங்கிய புதிய ஐஸ்கிறீம் தொழிற்சாலைக்குச் சூட்டிய நாமம் கொழும்பு ஐஸ் கொம்பனி என்பதே.