காய்ச்சல் போச்சு... குழந்தையின் மூட்டு வீக்கம் போகலையா? 6 வாரக் கணக்கு முக்கியம்!

வேலூர், ஆம்பூர் பக்கம் மூட்டு வலின்னாலே உடனே சொல்லும் பெயர் சிக்குன்குனியா. 1964-லேயே இந்த வைரஸ் வேலூரில் பரவியது. சிக்குன்குனியா, ருபெல்லா, பார்வோவைரஸ் பி19 ஆகியவை குழந்தைகளின் மூட்டுகளையும் வீங்க வைக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சரியாகலைன்னா?
16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணமின்றி 6 வாரமாவது வீக்கம் நீடித்தால் அது குழந்தைகள் மூட்டுவாதம். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது.

வைரஸ்தான் காரணமா?
மரபணு ரீதியாக வாய்ப்புள்ள குழந்தைக்கு வைரஸ் தொற்று தூண்டுதலாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். இன்னும் உறுதியாகவில்லை. ஆனால், மூட்டுவாதம் ஒட்டுவாரொட்டி அல்ல.

எதைக் கவனிக்கணும்?
காலையில் மூட்டு இறுகி, குழந்தை நொண்டும். நேரம் ஆக ஆக சரியாகிவிடும். காலையிலேயே ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் அம்மா, சாயங்காலம் திரும்பும்போது குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அதனால் தெரியாமலே போகலாம்.

கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது, ஆனால் பார்வை பாதிக்கப்படலாம். கண் பரிசோதனை அவசியம்.

எப்போ போகணும்?
கடும் காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி போங்க. வீக்கம் தொடர்ந்தால் 'வளர்ற வலி'ன்னு தள்ளிப்போடாதீங்க. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மூட்டு சேதமாவதைத் தடுக்கலாம்.