கான்ட்ராக்ட் முடியப்போற வீரரை டிரேட் செய்யலாமா? ஹாக்கி டீம்கள் போடும் கணக்கு இதுதான்!

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சிஎஸ்கே. தளபதியையே அனுப்பிட்டாங்களே என்று ரசிகர்கள் பலர் நொந்துபோனார்கள். ஆனால் அமெரிக்கா, கனடாவில் நடக்கும் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கியில் இது வருஷா வருஷம் நடக்கும் விஷயம். அங்கே ஸ்டார் வீரரைக் கொடுத்துவிட்டு, இன்னும் டீமுக்கே வராத ஒரு பையனைத் தேர்வு செய்யும் உரிமையை வாங்குவார்கள். அதுதான் டிராஃப்ட் பிக்.

டிராஃப்ட் பிக் என்றால் என்ன?

என்ஹெச்எல்லில் 32 டீம்கள். இளம் வீரர்களுக்கு அங்கே ஏலம் கிடையாது. 18 வயதைத் தொட்ட பசங்களை 7 சுற்றுகளில், டீம்கள் வரிசைப்படி தேர்வு செய்யும். மோசமாக ஆடிய டீம்களுக்கு வரிசையில் முன்னுரிமை. முதல் இடங்களுக்குக் குலுக்கலும் உண்டு. தன் முறையை ஒரு டீம் இன்னொரு டீமுக்குக் கைமாற்றலாம்.

ஏன் விற்கிறார்கள்?

கான்ட்ராக்ட் முடிந்த சீனியர் வீரர், ஜூலை 1 முதல் எந்த டீமுக்கும் போகலாம். பழைய டீமுக்கு ஒரு பைசாகூட தேறாது. அதனால், கோப்பைப் போட்டியில் இருக்கும் டீமிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள்.

ஒரே ஊர், இரண்டு முடிவு

2018-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ், கான்ட்ராக்ட் முடியவிருந்த ரிக் நாஷை பாஸ்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு முதல் சுற்று பிக்கோடு ரயன் லிண்ட்கிரென் என்ற இளம் வீரரும் கிடைத்தார். அந்த சீசனோடு நாஷின் ஆட்டம் முடிந்தது. லிண்ட்கிரென் 2025 வரை ரேஞ்சர்ஸின் தடுப்பாட்டத்தில் நின்றார்.

அதே ஆண்டு நியூயார்க் ஐலண்டர்ஸ், கேப்டன் ஜான் டவாரெஸை விற்காமல் வைத்துக்கொண்டது. ஜூலை 1 அன்று அவர் டொராண்டோவுக்குப் போய்விட்டார். ஐலண்டர்ஸ் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அப்போ எல்லோரையும் வித்துடலாமா?

கூடாது. பிக் என்பது பலாக்காய் மாதிரி. உள்ளே எத்தனை சுளை என்று அறுத்தால்தான் தெரியும். தேர்வாகிற பலர் பெரிய மேட்ச் ஆடாமலேயே போய்விடுகிறார்கள். கோப்பை வாசலில் நிற்கும் டீம் தன் ஸ்டாரை அனுப்பினால் அந்த வருஷமே வீண்.

நம்ம ஊரில்?

இங்கே ஏலம்தான், பிக் கிடையாது. வீரரை விட்டால் திரும்பி வருவது பர்ஸ் பணம். பதிரனாவை விடுவித்ததில் சிஎஸ்கேவுக்கு 13 கோடி ரூபாய் திரும்பியது. 2025 டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை தலா 14.20 கோடிக்கு வாங்கியது. அதே ஏலத்தில் பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. யார் கணக்கு சரி என்பதை மைதானம்தான் சொல்லணும்.

ஹாக்கி இந்தியா லீக்கிலும் ஏலம்தான். ஆனால் 2024-25 சீசனில், 24 பேர் கொண்ட ஒவ்வொரு ஆண்கள் டீமிலும் 4 ஜூனியர்கள் கட்டாயம் என விதி வைத்தார்கள். சங்கரன்கோவிலில் இருந்து ஒரு பஸ் தூரத்தில் உள்ள கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்கும் பசங்களுக்கு இந்த 4 இடம் பெரிய விஷயம். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி இருவரும் 2022 ஆசிய கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால்?

டீம் தேறாது, வீரரும் தங்கமாட்டார் என்றால் விற்கலாம். கோப்பைக்கு வாய்ப்பு இருந்தால் வைத்துக்கொள்ளணும். எப்படியானாலும், காலியாகும் இடத்தில் ஒரு இளைஞர் ஆடினால்தான் அந்த டிரேடுக்கு அர்த்தம்.