வழக்கு காத்த படச்சுருள்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலுள் புலித்தேவர் அறை என ஓரிடம் இன்றும் காட்டப்படுகின்றது. பகைவர் பிடித்துச் சென்ற வழியில் அவர் ஈண்டு வழிபட்டு மறைந்தனர் என்பது செவிவழிச் செய்தி. அப்பெருமகனார் 1750-களில் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்த ஞான்று திருவிதாங்கூருடன் உறவு பூண்டிருந்தனர். அந்நாளில் அந்நாட்டை ஆண்டவர் மார்த்தாண்ட வருமர் (1729–1758). அவ்வேந்தர் பெயர் தாங்கிய பேசாப் படம் ஒன்றும் நெடுங்காலம் மறைந்து கிடந்து பின்னர் வெளிப்பட்டது. அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சி. வி. இராமன் பிள்ளை இயற்றி 1891-இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ மலையாளப் புதினங்களுள் தலைசிறந்தது. நாகர்கோவிலைச் சார்ந்த ஆர். சுந்தர் ராஜ் அதனைப் படமாக்கினார், இயக்கியவர் பி. வி. ராவ். படம் 1933-இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பெற்றது. புதினத்தின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையத்தார் உடனே வழக்குத் தொடுத்தனர். சில நாள்களிலேயே படம் நிறுத்தப்பட்டது, சுருளும் கைப்பற்றப்பட்டது. பொருள் முதலிட்டவர்க்கு அது பேரிழப்பே.

எனினும் பிற படங்கள் எய்திய கதியை நோக்குக. நடராச முதலியாரின் ‘கீசகவதம்’ இன்றில்லை, ஜே. சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ இன்றில்லை. பேசும் படம் வந்தபின் பழஞ்சுருள்கள் விலை இழந்தன. எளிதில் தீப்பற்றும் அச்சுருள்கள் சில எரிந்தன, சில மக்கின, சில வெள்ளிக்காக உருக்கப்பட்டன. ‘மார்த்தாண்ட வர்மா’வோ புத்தகக் கிடங்கில் உறங்கியது. 1964-இல் புனேயில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-இல் அதனை மீட்டது. தென்னகப் பேசாப் படங்களுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியது அஃது ஒன்றே என்ப. படத்தை அழித்ததாகத் தோன்றிய வழக்கே அதனைக் காத்தது எனல் பொருந்தும்.

கிடங்கில் கிடந்தமை மட்டுமே காப்பாகுமோ எனின், ஆகாது. தேடிச் செல்வார் இன்றேல் அதுவும் மக்கியே போயிருக்கும். ஏட்டுச் சுவடிகளை ஊர்தொறும் தேடிய உ. வே. சாமிநாதையரின் உழைப்பை நாம் போற்றுகின்றோம். படச்சுருளும் ஒருவகை ஏடே. அதனைத் தேடும் கடமையை மட்டும் திரைத்துறையார்க்கே விட்டுவிடுதல் முறையாகுமா?

இப்படம் மலையாளத்ததாயினும், அதனை எடுத்தவர் ஊராகிய நாகர்கோவில் 1956-இல் தமிழகத்தோடு இணைந்தது. சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கேயுள்ள செங்கோட்டையும் அவ்வாண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியே. ஆகவே இவ்வட்டாரத்துப் பழைய படங்களைத் தேடுவோர் மொழியெல்லையையும் மாநில எல்லையையும் கடந்து தேடல் வேண்டும். திரையரங்குகளில் மட்டுமன்றி, நீதிமன்றப் பதிவறைகளிலும் பழம்பதிப்பகக் கிடங்குகளிலும் தேடல் வேண்டும். ‘இல்லை’ என்று எழுதுமுன் ஒருமுறை தேடுவதே ஆய்வாளர் அறம்.