ஒலுவில் வீட்டில் ஒரு 5.1: குறைந்த காசில் சுற்றொலி

ரீவி வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போகிறது. அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் கூடவே மெலிந்துவிட்டது. பெரும்பாலான தட்டைத் திரை ரீவிகளில் ஸ்பீக்கர் நிலத்தைப் பார்த்தபடியோ பின்சுவரைப் பார்த்தபடியோதான் இருக்கும். அதனால் பின்னணி இசை கேட்கிறது, ஆள் பேசுவது விளங்குவதில்லை. பேச்சுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடம் ஒரு வெடி வந்து வீடு அதிர்கிறது. ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே படம் பார்ப்பது பலருக்குப் பழகிப்போன வேலை.

இதற்குப் பெரிய காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒலுவில், பாலமுனை, நிந்தவூர்ப் பக்கத்துக் கடலோர வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். உப்புக்காற்றும் சீமெந்துச் சுவரும் தகரமோ அஸ்பெஸ்ரஸோ போட்ட கூரையும் உள்ள வீடு முல்லைத்தீவில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

5.1 என்றால் என்ன? முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் சற்றுப் பின்னே இரண்டு, மொத்தம் ஐந்து. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று, 120 ஹேர்ட்ஸ்க்குக் கீழேயுள்ள அதிர்வொலிக்கு மட்டுமான தனித்தடம். அதைச் சப்வூபர் பார்த்துக்கொள்ளும். திரையரங்கில் டொல்பி டிஜிற்றல் முறை 1992இல் 'பற்மான் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு வந்தது. தமிழில் டொல்பி ஸ்ரீரியோ சுற்றொலியோடு வந்த முதல் படம் கமல்ஹாசனின் 'குருதிப்புனல்'. அது திரைக்கு வந்தது 1995 ஒக்டோபரில். தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே ஒக்டோபரில்தான். யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டதும் அதே மாதத்தின் கடைசியில். சுற்றொலி வந்த காலத்தில் வடக்கில் கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டதும், ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்ததும் அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் வசனம் விளங்கிய காதுகள் நம்முடையவை.

சரி, எதில் தொடங்குவது? கையில் உள்ள காசைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். நான்கு பங்கு முன்னால் வைக்கும் மூன்று ஸ்பீக்கருக்கு, மூன்று பங்கு றிசீவருக்கு, இரண்டு சப்வூபருக்கு, மிச்சமிருக்கும் ஒன்று பின்ஸ்பீக்கருக்கும் வயருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரிய வூபர் ஒன்றை முதலில் வாங்கிவிட்டுப் பேச்சு விளங்கவில்லை என்று கவலைப்படுகிறார்கள். ஒரு படத்தின் வசனம் ஏறத்தாழ முழுவதும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். காசு ஒரே தடவையில் சேராவிட்டால் முதலில் முன்னிரண்டையும் றிசீவரையும் வாங்கி இரண்டு ஸ்பீக்கரோடு ஓட்டுங்கள். நடுவும் வூபரும் பிறகு வரட்டும். பின்னிரண்டும் கடைசி.

கடையில் பெட்டி கட்டிய '5.1 செட்' மலிவாக நிற்கும். வாங்குமுன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே இரண்டு துளை மட்டும் இருந்தால் அதற்குள் போவது இரண்டு தடம்தான். முன்னால் வருவதையே பின்னாலும் பிரித்துக் கொடுக்கும் செட் அது. ஆறு பெட்டி இருந்தும் சுற்றொலி இல்லை. ஆறு தனித் துளை, அல்லது ஒப்டிகல், அல்லது எச்.டி.எம்.ஐ. இருக்க வேண்டும்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கையும் நம்ப வேண்டாம். 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்தகட்டில் சின்ன எழுத்தில் அந்தச் செட் எடுக்கும் மின்சாரம் 80 வாட் என்று இருக்கும். எடுப்பதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து கொடுக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதிலும் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையில் வெறும் 3 டெசிபல்தான் வித்தியாசம். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு சாதாரண ஹோலுக்கு ஒரு தடத்துக்கு 30, 40 உண்மையான வாட் தாராளம்.

இருப்பதிலேயே மலிவான வழி, மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய டெஸ்க்ரொப் கணினி. பல மதர்போர்ட்டுகளின் பின்னால் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று ஒலித் துளைகள் இருக்கும். பச்சை முன்னிரண்டு, கறுப்பு பின்னிரண்டு, செம்மஞ்சள் நடுவும் வூபரும். ஆறு தடம் ஏற்கும் கணினி ஸ்பீக்கர் செட் ஒன்றை இவற்றில் செருகி, விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 என்று தெரிவுசெய்து, வீ.எல்.சி.யில் படத்தை ஓட்டினால் போதும். டொல்பியையும் டி.டி.எஸ்.ஸையும் பிரிக்கும் வேலையை வீ.எல்.சி. இலவசமாகச் செய்யும். ஒலுவில் வளாகத்தைச் சுற்றிப் போர்டிங்கில் இருக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

றிசீவர் வாங்குவதென்றால் பாவித்ததை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து, பதினைந்து வருடப் பழைய நல்ல றிசீவர், இன்றைய மலிவுப் புதிய செட்டைவிடப் பெரும்பாலும் நன்றாகவே பாடும். ஆனால் நம் கரையில் ஒரு ஆபத்து உண்டு. மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த பொருளும் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் பொருளும் இங்கே கலந்து கிடக்கின்றன. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ற். சவுதியில் 127 வோல்ற் நீண்டகாலம் பாவனையில் இருந்தது. நம்முடையது 230. பின்தகட்டில் 100 அல்லது 110–127 என்று மட்டும் போட்டிருந்தால் நேரே செருகக் கூடாது. செருகினால் ஒரு நொடியில் புகை வரும். அதற்கு ஏற்ற ஸ்ரெப்டவுண் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதன் விலையையும் பேரத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 220–240 என்று இருந்தால் பயமில்லை.

பழைய றிசீவரில் எச்.டி.எம்.ஐ. இல்லாவிட்டாலும் ஒப்டிகல் வயர் 5.1 டொல்பி டிஜிற்றலையும் டி.டி.எஸ்.ஸையும் கொண்டுபோகும். ரீவியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருப்பதை 'பிற்ஸ்ரீம்' என்றோ 'டொல்பி டிஜிற்றல்' என்றோ மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடம்தான் போகும். எல்லாம் சரியாக மாட்டியும் பின்ஸ்பீக்கர் ஊமையாக இருக்கிறது என்றால் பத்துக்கு எட்டுத் தரம் காரணம் இதுதான். பென்டிரைவில் டி.டி.எஸ். ஒலியுள்ள படம் போட்டால் சத்தமே வராத ரீவிகளும் உண்டு, அது ரீவியின் குறை. யூரியூப்பில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு தடம். றிசீவரில் உள்ள புரோ லொஜிக் அதை ஓரளவு ஐந்தாகப் பிரித்துத் தரும்.

பாவித்த ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பொஞ் விளிம்பு என்றால் இந்த ஈரக்காற்றில் பொடிந்துபோயிருக்கும். ரப்பர் விளிம்பு தாக்குப்பிடிக்கும். கூம்பை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தும்போது உரசல் சத்தம் கேட்டால் வேண்டாம். தச்சரைக் கொண்டு பெட்டி அடிப்பிப்பதென்றால் எம்.டி.எப். பலகையை விட்டுவிட்டுப் பிளைவூட் கேளுங்கள், எம்.டி.எப். ஈரம் குடித்து ஊதும். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். 8 ஓம் கேட்கும் றிசீவரில் அதை மாட்டினால் றிசீவர் சூடேறி நின்றுவிடும்.

வயருக்கு விசேஷப் பெயர் போட்டவை தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு இரட்டை வயர் 10 மீற்றர் ஓடினால் போய்வரும் தடை கால் ஓமுக்குக் கீழே, அதனால் ஒரு குறையும் கேட்காது. ஆனால் செப்புப் பூசிய அலுமினிய வயரும் செப்பு என்றே விற்கப்படுகிறது. முனையை உரசிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இடம் பார்ப்பதற்குக் கோணமானி வேண்டாம், ஒரு கயிறு போதும். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு தூரமோ, வலதுக்கும் அவ்வளவு, இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலும் அவ்வளவு. மூன்று பக்கமும் சமமானால் கோணம் தானே சரியாகும். பின்னிரண்டும் உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னே, காதுக்கு ஒன்றிரண்டு அடி மேலே. கையேடுகள் எல்லாம் சோபாவில் இருக்கும் ஆளுக்காக எழுதியவை. நாம் பாய் விரித்து நிலத்தில் இருந்து பார்க்கிறோம். அப்போது காது ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில். ரீவியையும் நடு ஸ்பீக்கரையும் அதற்கேற்ப இறக்குங்கள், இறக்க முடியாவிட்டால் நடு ஸ்பீக்கரின் பின்காலில் ஒரு மரத்துண்டு வைத்து முகத்தைக் கீழே சாயுங்கள். வெறும் சீமெந்துச் சுவரும் ரைல் தரையும் பேச்சை எதிரொலித்துக் கெடுக்கும். பாயும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரைச்சீலையும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சுவரோடு நிமிர்த்தி வைத்த ஒரு தும்பு மெத்தை இன்னும் நல்லது. வூபருக்கு ஒரு வித்தை: அதை நீங்கள் இருக்கும் இடத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். அதிர்வொலி சீராகக் கேட்கும் மூலையே வூபரின் இடம். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இனி, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விடயம். நம் வீடுகளில் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களும், பங்கருக்குள் இருந்தவர்களும், 2004இல் கடல் இரைந்து வந்ததைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஹெலியின் சத்தம் பின்தலையிலிருந்து வந்து முன்னால் போவதுதான் சுற்றொலியின் பெருமை. அதே சத்தம் உம்மாவுக்கோ அம்மாவுக்கோ வேறொன்றாகக் கேட்கக்கூடும். நெஞ்சு படபடப்பது, எழுந்து வெளியே போய்விடுவது, அன்றிரவு நித்திரை வராதது எல்லாம் பலவீனம் அல்ல. திடீர்ச் சத்தத்துக்கு அப்படி எதிர்வினை காட்ட உடம்பு பழகியிருக்கிறது. அவர்களை அறையை விட்டு அனுப்புவதைவிடச் செட்டை மாற்றுவது சுலபம். றிசீவரில் 'நைட்' என்றோ 'டி.ஆர்.சி.' என்றோ ஒரு தெரிவு இருக்கும். அது வெடியைத் தாழ்த்தி முணுமுணுப்பை உயர்த்தும். 'எல்.எப்.இ.' அளவை 10 டெசிபல் குறைக்கலாம். பின்னிரண்டையும் 3, 4 டெசிபல் தாழ்த்தி, காதுக்குப் பின்னால் இல்லாமல் நேர்பக்கத்துக்கு நகர்த்தலாம். போர்ப்படம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் அவ்வளவாகத் தாக்காது. சப்வூபரின் அதிர்வு சுவரைத் தாண்டும் என்பதால் பக்கத்து வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு பத்துக்குப் பின் வூபரை நிறுத்தினால் படத்துக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது.

வெடிச்சத்தத்தில் காது பழுதானவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டு காதும் மந்தம் என்றால் நடு ஸ்பீக்கரை மட்டும் 4, 5 டெசிபல் உயர்த்துங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம். பேச்சு வெளியே வரும். ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குத் திசை பெரிதாகப் பிடிபடாது. அவருக்குச் சுற்றொலியில் காசு போடுவது வீண். நல்ல காது திரைப்பக்கம் இருக்கும்படி அமர வைத்து, நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்றுக்கு அந்தக் காசைப் போடுங்கள். ஹெட்போன் பாவித்தால் போனில் 'மோனோ' தெரிவைப் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் படம் கேளாத காதுக்குள் போய்விடும்.

பராமரிப்பு அதிகமில்லை. துறைமுகப் பக்கம் கடல் கரையை அரித்து உள்ளே வந்துகொண்டிருக்கும் ஊர் இது. கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் செப்பு வயரின் முனை சில மாதங்களில் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு தரம் முனையை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள். றிசீவரைக் கடல் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். துணி போட்டு மூடுவதென்றால் நிறுத்திச் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். டிஷ் அன்ரெனா வயரைச் செருகியவுடன் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைந்தால் எர்த் பிரச்சினை; எர்த் ஊசியை வெட்டி அதைத் தீர்க்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காமல் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிப்பியுங்கள். ஒக்டோபர், நவம்பர் மின்னல் காலத்தில் மழை இருட்டியதும் பிளக்கையும் டிஷ் வயரையும் இரண்டையுமே கழற்றி வையுங்கள். இடி தலைக்கு மேலே வந்த பிறகு வயரில் கை வைக்கப் போக வேண்டாம்.